பொடி போட்ட கோழி, போடாத கோழி

தீவனத்தில் கலக்கும் அமினோ அமிலப் பொடி கோழியைத் தேற்றுமா, வாட்டுமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் திருப்பதி ஆய்வகத்தில் என் பிழைப்பு. ஒழுங்காக வேலை செய்யப் போய் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, கேளுங்கள்.

நல்ல மூட்டை

போன வருஷம் ஒரு கம்பெனி, சதை பிடிக்க என்று மெத்தியோனின் என்ற புது அமினோ அமிலப் பொடி கொண்டுவந்தது. ஏழெட்டு மூட்டையைப் பார்க்காமல் எடுத்து, அடிவரை குத்தி அள்ளினால்தான் அது சோதனைக்கு ஏற்ற சாம்பிள். அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி பாபுவோ ஒரே டப்பாவை நீட்டினார். எந்த மூட்டை என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்து, கட்டி இல்லாத நல்ல மூட்டையில எடுத்தேன் சார். உங்களுக்குன்னா சும்மாவா?"

வலைக்கு அந்தப் பக்கம்

குடிபாலா கிராமத்தில் தனலட்சுமியம்மாவின் கோழிக் கொட்டகையை நடுவில் வலை கட்டிப் பிரித்தோம். ஒரு பக்கம் பொடி போட்ட தீவனம், மறுபக்கம் போடாதது. மூன்றாம் வாரம் எடை போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் நிற்கிறது. தராசைத் திட்டினேன், பொடியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், அந்த அம்மா தினமும் பொடி போட்ட தீவனத்தை அள்ளி மறுபக்கமும் போட்டிருக்கிறார். மூன்று வார உழைப்பு மண்ணாய்ப் போனது. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சு சார்? வலை வழியா பாத்துக்கினே கீதுங்க."

செத்ததைக் காணோம்

அடுத்த குஞ்சுகளில் பாதுகாப்புச் சோதனை. சொன்ன அளவைவிடப் பல மடங்கு போட்டால் கோழி தாங்குமா? யாரும் அப்படிப் போடமாட்டார்கள் என்றார் பாபு. இந்த ஊர்ப்பக்கம் கைதான் அளவு. நன்றாக வளரட்டும் என்று இன்னும் ஒரு பிடி போடாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆபத்து தெரியாவிட்டால் கொட்டகையே காலியாகும்.

கோழிகள் இரை எடுக்காமல் சுருண்டு விழுந்தன. செத்ததை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன், அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். காலையில் போனால் ஒன்றுகூட இல்லை. பாபு எனக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் புதைத்துவிட்டு, ஒன்றும் சாகவில்லை என்று சொல்லும்படி அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பற்றி எரிந்தது. தனலட்சுமியம்மா வீட்டுக்குள் போய், ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார்.

"ரெண்ட மட்டும் ஒளிச்சு வச்சேன் சார். நாளைக்கு நானே ஒரு பிடி சேத்துப் போடுவேன், எனக்குத் தெரிய வாணாமா?"

அந்த இரண்டும் என் அறிக்கையில் ஏறிவிட்டன. பாபு இப்போது ‘அனுசரித்துப் போகிற’ வேறு ஆய்வகம் தேடுகிறார் என்று கேள்வி, கிடைக்காமலா போகும்?