வெள்ளிக்கிழமை திறக்காத கதவு

எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். மறைத்துப் பயனில்லை, முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த யாழ்ப்பாணத்துக்காரன்மேல் வந்ததுபோல் வேறு யார்மேலும் எனக்கு வந்ததில்லை.

துபாயில், தேராவின் பின்தெரு ஒன்றில் எங்கள் கம்பெனி இருந்தது. விரல் வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டு, வருகைப் பதிவு மெஷின், கேமரா என்று விற்போம். கைரேகைப் பூட்டு அப்போது புதுசு. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருவார்கள்: வங்கிக்காரர்கள், கிடங்கு முதலாளிகள், அரசாங்க அதிகாரிகள். நானும் அவனும் டெக்னீஷியன்கள். ஒரே ரூம், எனக்குக் கீழ்க்கட்டில், அவனுக்கு மேல்கட்டில். கம்பெனியில் நான்தான் சீனியர்.

கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் அமைச்சக அலுவலகத்துக்கு, மொத்தக் கதவுகளுக்கும் ஆர்டர் கிடைத்தது. பூட்டு மாட்டப் போகிற ஆளை அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே பொறுப்பாளராகத் தங்கிவிடலாம், குடும்பத்தோடு இருக்க வீடும் உண்டு என்றார் மேலாளர். எனக்குத் தூக்கம் போய்விட்டது. துபாயில் என் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. மனைவியும் மகளும் புதுக்கோட்டைப் பக்கம். லீவில் போனால் என் மகள் முதலில் கிட்டவே வரமாட்டாள். பழகிவரும்போது நான் கிளம்பிவிடுவேன். மனைவிக்குப் போன் போட்டு, பெட்டி கட்டத் தயாராக இரு என்று சொல்லிவிட்டேன். சிங்கம் பார்க்கப் போவதாக மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அனுப்பியது அவனை. என்ன காரணம் தெரியுமா? அந்த அமைச்சகத்து அதிகாரிகள் துபாய்க்கு வந்தபோது அவன் இங்கிலீஷில் குழைந்து குழைந்து பேசினான், கடை கடையாகக் கூட்டிப்போனான். நான் அப்போது ஏணிமேல் நின்று அவர்களுக்குக் காட்டும் கதவுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம்கூட ஆகாதவனுக்கு எதற்கு ஐயா குடும்ப வீடு? கிளம்புகிற அன்று என் பெரிய பெட்டியை இரவல் கேட்டான். பூட்டு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நல்ல பூட்டுதான்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ரூமில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவன் போன் போட்டான்.

"அண்ணை, ஒரு கதவும் திறக்குதில்லை. நேற்றுத்தான் வேலை முடிச்சுப் பாரம் குடுத்தனான், நேற்று நல்லா வேலை செய்தது. அமைச்சின்ர செயலாளரே வெளியில நிக்கிறார். அவரின்ர விரலுக்கும் அசையுதில்லை."

எரிந்துகொண்டிருந்த என் வயிற்றில் பாலை வார்த்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மிச்சத் துணியையும் பிழிந்து, ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டேன். கடைசிச் சட்டையை உதறும்போதுதான் பொறி தட்டியது. கூப்பிட்டேன்.

"தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி..." என்றவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. "ஐயோ அண்ணை."

இந்தப் பூட்டுக்கு வாராந்திர விடுமுறை நாளைச் சொல்லி வைக்க வேண்டும். அன்று யார் விரல் வைத்தாலும் திறக்காது. அவன் வெள்ளியை விடுமுறையாகப் போட்டிருக்கிறான். அந்த ஊரிலோ வெள்ளி வேலை நாள், ஞாயிறுதான் விடுமுறை. வெள்ளி விடுமுறையாக உள்ள வளைகுடாவில் இருக்கிறவனுக்கு இது சட்டென்று தோன்றாது. வெள்ளி என்றால் எங்களுக்குப் பிரியாணி, அழுக்குத் துணி, ஊருக்குப் போன். உலகமே அன்று கால் நீட்டிப் படுத்திருப்பதாக நினைப்பு. அவன் லேப்டாப்பில் கிழமையை மாற்றினான், கதவுகள் திறந்துகொண்டன.

மறுநாள் ஆபீசில் முதல் வேலையாக மேலாளரிடம் போனேன். செயலாளர் வெளியே நின்ற கதையை உப்புக் காரம் சேர்த்துச் சொன்னேன். இனி அவனைத் திருப்பி அழைப்பார்கள், என்னைத்தான் அனுப்புவார்கள். மனசுக்குள் பெட்டியே கட்டியாகிவிட்டது.

மேலாளர் சிரித்தார். எனக்கு முன்னாலேயே அங்கிருந்து அவருக்குப் போன் வந்துவிட்டதாம். செயலாளருக்கே மசியாத பூட்டு, இதற்குமேல் பாதுகாப்பு என்ன வேண்டும் என்று அமைச்சரே சொன்னாராம். இன்னும் சில அலுவலகங்களுக்கும் ஆர்டர் தருகிறார்களாம். வாசலில் அத்தனை பேர் முன்னால் தப்பு தன்னுடையதுதான் என்று சொன்ன அந்தப் பையனே இங்கே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அநியாயத்தைப் பார்த்தீர்களா? தப்புப் பண்ணினவனுக்கு வீடு. கண்டுபிடித்துச் சொன்னவனுக்குத் தலைக்குமேல் ஒரு காலிக் கட்டில். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு அவனே கூப்பிட்டு நன்றி சொன்னான். மூன்று அறை வீடாம், தனியாக இருக்க ஒரு மாதிரி இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவனைத் திட்டித் தீர்த்தேன். நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"அப்ப மூணு ரூம்லயும் யாருங்க இருப்பா?"

பின்னால் மகள், சிங்கம் பார்க்க எப்போது போகிறோம் என்று கேட்பது காதில் விழுந்தது. போன் கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டாகும்வரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம்.