நான் போட்ட டிக்கும் பஞ்சரான டெம்போவும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் தப்பினால் ஆபத்தில் மாட்டிக்கொண்ட ஒரு தாயை ஆண்டவர் காப்பாற்றினார். அதை மறைக்காமல் சொல்லவே எழுதுகிறேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு. படிப்பை முடித்துவிட்டு ஒரு நிவாரண அமைப்பில் சம்பளமில்லாத இன்டர்னாகச் சேர்ந்திருந்தேன். மூன்றாவது வாரமே பெருமழை. ஊருக்கு வெளியே பொம்மசந்திரா பக்கம் ஃபேக்டரித் தொழிலாளர்கள் குடியிருந்த தகர ஷெட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ரப்பர் படகில் ஆட்களை ஏற்றிவந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். ஷெட்டுக்காரர்களின் பெயர்கள் எழுதிய ரிஜிஸ்டரில், வருகிறவர்களின் பெயருக்கு நேராக டிக் போட்டு, பாயும் பிரட்டும் கொடுப்பது என் வேலை. கழுத்தில் ஐடி கார்டு வேறு, பெரிய ஆபீசர் மாதிரி.

வரிசையில் ஒரு அம்மா, பக்கத்து வீட்டு செல்விக்கும் சேர்த்துக் கேட்டார். ரேஷன் கடையில் ஒருவருக்கொருவர் வாங்கித் தருவார்களே, அந்தப் பழக்கம்தான். நானும் கொடுத்தேன். செல்வி பெயருக்கு டிக்கும் போட்டேன். ஆளைப் பார்க்கவில்லை. பிறகு, ஷெட்டுகளிலிருந்து எல்லாரும் வந்தாயிற்றா என்று படகுக்காரர்கள் கேட்டபோது, ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தாச்சு என்றேன். வேறு ஏரியாவுக்குப் போகவேண்டும் என்று படகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அரைமணி நேரத்தில் செல்வியின் கணவர் ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்தார். ஒவ்வொரு வகுப்பறையாகத் தேடினோம். இல்லை. நான் ரிஜிஸ்டரைக் காட்டினேன்.

"எழுதினத காட்டாதீங்க மேடம். எம் பொண்டாட்டி எங்க? அவளுக்கு இது ஒம்போதாம் மாசம்."

பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டோம். அடுத்த படகில் வருகிறேன் என்று செல்வி ஷெட்டிலேயே இருந்துவிட்டாளாம். அவள் போன் சுவிட்ச் ஆஃப். படகுக்காரர்கள் போனை எடுக்கவில்லை. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

காலியாக இருந்த ஒரு வகுப்பறையில் முழங்காலிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் ஜெபித்தது என் இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட்டுக்குத்தான். என் பேர் கெட்டுவிடக்கூடாது ஆண்டவரே என்றுதான் ஆரம்பித்தேன். சீ என்றாகிவிட்டது. அப்புறம் அழுதேன். "என் பேர் போனால் போகட்டும், அவளைக் காப்பாற்றும்" என்றேன்.

எழுந்து நேராக சூப்பர்வைசர் மஞ்சுளா மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "டெம்போ தெருமுனையிலயே பஞ்சராகி நிக்குது. ஓடு" என்றார்.

ஸ்டெப்னியிலும் காற்று இல்லையாம். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அப்போதுதான் வேறு டயரை மாட்டி முடித்திருந்தார். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே குறுக்கே போய் நின்றேன். படகு மறுபடியும் ஷெட்டுகளுக்குப் போனது. செல்வி கட்டில்மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டில் தண்ணீரில் முழுகியிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "கோவம் வருது மேடம். ஆனா தேடி வந்துட்டீங்கல்ல" என்றாள்.

இன்று அதே அமைப்பில்தான் வேலை செய்கிறேன். ஆளை நேரில் பார்க்காமல் பேனாவை எடுப்பதில்லை.

தப்பு செய்துவிட்டு எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று நினைக்கிறீர்களா? அந்த முகத்தோடே போங்கள். அவர் கேட்பார். ஜெபித்த கையோடு, சொல்லவேண்டியவர்களிடம் போய்ச் சொல்லியும் விடுங்கள். நான் இன்னும் ஐந்து நிமிடம் மறைத்திருந்தால் அந்த டெம்போ போயிருக்கும்.