துரை சறுக்கின பொங்கல்

பனி அழகு என்று சொல்லுகிறவன் ஒருநாளும் அதை அள்ளியிருக்க மாட்டான்.

நான் அள்ளினேன். எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில், ஸ்கீவவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு வங்கி, ஒரு முதியோர் இல்லம், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு கடை. வாய் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயந்த மாதிரிச் சனம். அகதியாக வந்த எங்கள் மூன்று பேரை நகரசபை அங்கே ஒரு பழைய வீட்டில் கொண்டுபோய் விட்டது. நகரசபையை இங்கே கொமூன் என்பார்கள்.

அதற்கு முதல் நான் மன்னாரில் உப்பளத்தில் வேலை செய்தவன். அங்கே வெயிலில் உப்பை வாரிக் குவித்தேன். இங்கே குளிரில் பனியை வாரிக் குவித்தேன். இரண்டும் வெள்ளை. இரண்டும் முதுகை முறிக்கும். உப்பையாவது விற்கலாம். பனியை ஒரு நாயும் வாங்காது. அதை வழித்துத் தள்ளிவிட்டு மிச்சத்துக்கு மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். கறிக்குப் போடுகிற சாமானை றோட்டுக்குப் போடுகிற நாடு இது.

கொப்பன்ஹேகன் பக்கம் ஹ்விடோவ்ரேயில் இருந்த மச்சான் ரெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி இதுதான்: “அங்க பனி கூடவாமே? படமொண்டு எடுத்து ஊருக்கு அனுப்பன்.” எல்லோரும் அனுப்பினார்கள். கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு, அடுத்தவன் அள்ளிக் குவித்த பனிக்கு மேல் கால் வைத்து, புலி சுட்டவன் மாதிரி நின்று படம். நான் அனுப்பவில்லை. பனி அள்ளுகிற சவளோடு நிற்கிற படத்தைப் பார்த்து ஆர் சந்தோசப்படப் போகிறார்கள்.

எனக்கு வேலை தந்தவரை நாங்கள் வீட்டில் துரை என்போம். அவருடைய பேர் எங்கள் வாய்க்குள் வராது. பெரிய உடம்பு. காதை மூடுகிற தொப்பி. ஒரு சிவப்பு உழவு மிசின், முன்னுக்குப் பனி தள்ளுகிற இரும்புத் தட்டு. வங்கி, தேவாலயம், முதியோர் இல்லம் எல்லாவற்றுக்கும் பனி வழிக்கிற ஒப்பந்தம் அவரிடம். மிசினில் அவர் போவார். மிசின் போக முடியாத படி, வாசல், மூலை முடுக்கு எல்லாம் சவளோடு நானும் இன்னொருத்தனும்.

அந்த இன்னொருத்தன் டெனிஷ்காரன், துரைக்கு ஏதோ சொந்தம். கோட்டுப் பொக்கற்றில் பியர் போத்தல் இல்லாமல் அவனை நான் கண்டதில்லை. குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன். அது ஊருக்கே தெரியும்.

துரை எனக்கு ஒவ்வொரு நாளும் சவள் பிடிக்கப் பழக்கினார். சவள்! கையை இப்படி வை, முழங்காலை இப்படி மடி. நான் தலையாட்டுவேன். அவருக்குப் பனியில் எத்தனையோ வகை தெரியும். ஈரப்பனி, மாப்பனி, காற்றுப்பனி என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்கு இரண்டு வகை போதும். அள்ளினது, அள்ளாதது.

வங்கி மனேச்சர் கண்ணாடிக்கு உள்ளே நின்று விரலால் காட்டுவார். அங்கே கொஞ்சம் கிடக்கிறதாம். கதவைத் திறந்து சொல்ல மாட்டார், சூடு போய்விடும். முதியோர் இல்லத்தில் ஒரு பெரிய நேர்ஸ் இருந்தா. மணல் போட்டால் நிலம் ஊத்தை என்று ஏசுவா. போடாவிட்டால் கிழடுகள் விழுந்து சாகும் என்று ஏசுவா. வெள்ளைக்காரரிடம் ஒழுங்கு இருக்கிறது என்று ஊரில் சொல்லுவார்கள். இருக்கிறதுதான்.

இவ்வளவையும் ஏன் பொறுத்தேன் என்றால், இந்த வேலை போனால் வகுப்பு.

வேலை கிடைக்க முதல் கொமூன் என்னை டெனிஷ் வகுப்புக்கு அனுப்பியிருந்தது. நான் ஊரிலேயே நாலாம் வகுப்போடு நின்றவன். அங்கே ரீச்சர் அப்பிள் படத்தைத் தூக்கிப் பிடிப்பா. பிறகு கரட் படத்தைத் தூக்கிப் பிடிப்பா. நான் சரியாகச் சொன்னால் கை தட்டுவா. நல்ல மனுசிதான். ஆனால் மீசை வைத்த ஒருத்தன் கரட் என்று சொன்னதுக்குக் கை தட்டுவது இருக்கிறதே, அதைவிட அடிக்கலாம்.

துரை சொல்லியிருந்தார்: பனி முடிய ஒருத்தனைத்தான் வைத்திருப்பேன். கோடையில் அவருக்கு நடைபாதைக்குக் கல் பதிக்கிற வேலை. அதுக்கு ஒரு ஆள் போதும். மற்றவன் வீட்டுக்குப் போகலாம். சொந்தக்காரனுக்கு வீடு என்றால் பியர். எனக்கு வீடு என்றால் கரட்.

ஜனவரியில் ஒருநாள் சொன்னார், நாளைக்கு விடிய நானே உன் வீட்டுக்கு மிசினில் வாறேன், சந்தைச் சதுக்கத்தில் குவித்த பனியை லொறியில் ஏற்ற வேண்டும், கோடை வேலையைப் பற்றியும் கதைப்போம் என்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவர்களுடைய முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரியாது.

அந்த நாளைக்குத்தான் பொங்கல்.

வீட்டில் எங்களுக்கு மூத்தவர் ஒரு கடைக்காரர். யாழ்ப்பாணத்தில் பெரிய கடை வைத்திருந்தவராம். மாதா மாதம் அந்தக் கடை வளர்ந்துகொண்டு போனது. வரும்போது ஒரு கதவு. மார்கழியில் யேசு பிறந்த நத்தாருக்கு மேல்மாடியும் வந்துவிட்டது. வேலைக்குப் போகமாட்டார். குளிர் ஒத்துவராதாம். ஆனால் பொங்கலை வெளியில்தான் வைக்க வேணும் என்று நின்றார். மூன்றாவது ஆள் வவுனியாப் பக்கத்தவன். பகலில் நித்திரை. இரவில் முழித்திருப்பான்.

விடிய எழும்பிப் பார்த்தால், முதல்நாள் நான் வழித்து வைத்த வாசலில் கடைக்காரர் வாளியோடு நிற்கிறார். மஞ்சள் கரைத்த தண்ணீர். படியில் இருந்து கேற் வரைக்கும் கழுவிக்கொண்டு போகிறார்.

“அண்ணை, தண்ணி ஊத்தாதேங்கோ. உறையும்.”

“பச்சைத் தண்ணியே ஊத்திறன்? சுடுதண்ணியடாப்பா. சுடுதண்ணி உறையுமே?”

“ஆறினால் எல்லாம் பச்சைத் தண்ணிதான்.”

“நீ வேதக்காரன், உனக்கென்ன தெரியும். வாசல் முத்தம் கழுவாமல் பானை வைக்கிறதோ?”

வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன். எங்கள் வீட்டிலும் பொங்கல் பொங்கினோம்தான். ஆனால் சறுக்கி விழப் பொங்கவில்லை.

“அப்ப உப்பெண்டாலும் கொஞ்சம் தூவிவிடுறன். துரை வாறார்.”

“உப்போ! உப்பை மிதிச்சால் மூதேவி வருவாள்.”

“நான் ஒவ்வொரு நாளும் உப்பைத்தான் மிதிக்கிறன்.”

“அதுதான் உன்ர முகம் இப்பிடிக் கிடக்கு.”

கதவடியில் போர்வையோடு நின்ற வவுனியாக்காரன் சிரித்தான்.

“சாம்பல்?” என்றேன்.

“நல்ல நாளும் பெருநாளுமாய் வாசலில சாம்பலோ? ஆர் செத்தது?”

விட்டுவிட்டேன். அந்த மனுசனோடு கதைப்பதைவிட வங்கி மனேச்சரின் விரலோடு கதைக்கலாம்.

கழுவின நிலம் கண்ணுக்கு முன்னாலேயே கண்ணாடி ஆனது. அதுக்கு மேல் கோதுமை மாவால் கோலம் போட்டார். நல்ல கோலம்தான், பொய் சொல்லக் கூடாது. மூன்று கல்லு வைத்து, ஊர்க் கடைக்குப் பின்னால் எறிந்து கிடந்த பலகைப் பெட்டியை உடைத்து நெருப்பு மூட்டினார். மண்பானைக்கு எங்கே போவது, அலுமினியப் பானை. சர்க்கரைக்குப் பதிலாக மண்ணிறச் சீனி. அரிசி, டெனிஷ்காரர் நத்தாருக்குப் பால்கஞ்சி காய்ச்சுகிற உருண்டை அரிசி. அது மட்டும் பொருத்தம்.

பிறகு கிழக்கு எது என்று ஒரு சண்டை. கடைக்காரர் ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். விடிந்து எவ்வளவோ நேரம், சூரியனைக் காணவில்லை. டென்மார்க் சூரியனுக்குத் தை மாதத்தில் கிழக்குத் தெரியாது. தெற்குப் பக்கமாக, பக்கத்து வீட்டுக் கராஜுக்கு மேலால், களவெடுக்க வந்தவன் மாதிரி மெல்ல எட்டிப் பார்த்தது. கடைக்காரர் பானையைச் சுற்றிவந்து அந்தப் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டுத் திரைச்சீலை ஆடியது.

மிசின் சத்தம் கேட்டது. துரை றோட்டில் நிற்பாட்டி இறங்கினார். கேற்றைத் திறந்தார். நெருப்பைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற மனுசனைப் பார்த்தார்.

“நில்லுங்கோ!” என்று நான் டெனிஷில் கத்தினேன். அந்த ஒரு சொல்லை வகுப்பில் ஒழுங்காகப் படித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கினது. கடைக்காரர் சீனவெடியைக் கொளுத்திப் போட்டார். டெனிஷ்காரர் வருசப்பிறப்புக்குச் சுட்டு மிச்சம் வந்ததை மலிவாக வாங்கி ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எங்களுக்கே சொல்லவில்லை.

துரையின் ஒரு கால் கோலத்தில் இருந்தது. மற்றக் கால் ஆகாயத்துக்குப் போனது. பிறகு இரண்டும் போயின. அந்த உடம்பு விழுந்ததில் பானையே ஆடினது. தொப்பி மட்டும் கோலத்துக்கு நடுவில் போய் ஒழுங்காக இருந்தது.

“கிழக்குப் பக்கமாப் பொங்கியிருக்கு! நல்ல சகுனம்!” என்றார் கடைக்காரர்.

திரும்பிப் பார்த்தால் வவுனியாக்காரனும் நிலத்தில் கிடக்கிறான். அவன் சறுக்கவில்லை. வெடிச் சத்தத்துக்குக் குப்புறப் படுத்து, தலையைக் கையால் மூடியிருந்தான். அவனை நாங்கள் யாரும் நக்கலடிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

துரை டெனிஷில் உள்ள கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னார். எனக்கு அவை எல்லாம் விளங்கின. முடிஞ்சுது என்று நினைத்தேன். கரட், அப்பிள், கைதட்டல். தூக்கப் போய் நானும் ஒருக்கால் விழுந்தேன். பிறகு நானும் கடைக்காரருமாகப் பிடித்துக் கேற்றில் சாத்தினோம். குண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ பனி அள்ளுறவன்,” என்றார். “உன்ர வாசலே இப்பிடியோ?”

மஞ்சள் தண்ணீரை டெனிஷில் எப்படிச் சொல்லுவது. “இண்டைக்குப் பார்ட்டி,” என்றேன்.

“ஆருக்கு?”

“சூரியனுக்கு.”

துரை கராஜுக்கு மேலே பார்த்தார். வெளிறின, சூடில்லாத அந்தச் சாமானைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுக்கோ?” என்றார்.

அந்த மனுசனோடு நான் முழுதாக ஒத்துப்போன ஒரே இடம் அது.

கடைக்காரர் கோப்பையில் பொங்கலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “முதல் படையல் சூரியனுக்கு, அடுத்தது துரைக்கு. சாப்பிடச் சொல்லு.” துரை நின்றபடியே சாப்பிட்டார். இருக்க முடியாது. முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். இன்னும் வேணுமாம்.

பிறகு மிசினில் ஏறப் போனார். ஏறி சீற்றில் குந்தின உடனே ஒரு சத்தம் போட்டார், நாய் மாதிரி. இறங்கிவிட்டார். சதுக்கத்தில் பனி மலை மாதிரிக் கிடக்கிறது. லொறி வந்து காத்து நிற்கும். சொந்தக்காரன் அங்கேதான் நிற்கிறான், ஆனால் அவன் மிசினில் ஏறினால் பொலிசுக்கு வேறு வேலை வேண்டாம்.

“நான் ஓட்டுறன்,” என்றேன்.

“நீயோ?”

“உப்பளத்தில ஓட்டினனான். இதே சிவப்பு மிசின்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குச் சவள் பிடிக்கப் பழக்கின மனுசன், ஊரில் என்ன வேலை செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்காதவனுக்கு ஏன் சொல்ல வேணும். லைசென்ஸ் பற்றி அப்போதும் அவர் கேட்கவில்லை.

நான் ஓட்டினேன். துரை பின்னுக்குக் கொழுவி வைத்த பெட்டியில், பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார், சந்தைக்குப் போகிற மாடு மாதிரி. வங்கிக்கு முன்னால் போகும்போது மனேச்சர் கண்ணாடிக்குள் நின்றார். விரலைத் தூக்கினார். ஆளைக் கண்டதும் இறக்கினார். நான் இரும்புத் தட்டைப் பதித்துச் சதுக்கத்துக்கு நடுவால் ஒரே இழுவையில் தள்ளிக்கொண்டு போனேன். துரை பின்னுக்கு நின்று ஏதோ சொல்லிக் கத்தினார். மிசின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்கவேணும் என்றும் இல்லை.

வாலெலும்பு வெடித்துவிட்டதாம். பனி கரையும் வரைக்கும் அவரால் சீற்றில் குந்த முடியவில்லை. அதுவரைக்கும் நான்தான் ஓட்டினேன். பங்குனியில் ஒருநாள், “கல்லுக்கும் நீதான்,” என்றார். அவ்வளவுதான். நான் “ஓம்” என்று தமிழிலேயே சொன்னேன். விளங்கிவிட்டது.

வீட்டில் சொன்னேன். கடைக்காரர் எழும்பி நின்றார்.

“ஆர் எடுத்துத் தந்த வேலை?” என்றார். “நான் முத்தம் கழுவாட்டி நீ இண்டைக்கு எங்க?”

அதுக்குப் பிறகு வருகிற போகிற எல்லோருக்கும் அந்தக் கதைதான். ஹ்விடோவ்ரே மச்சானுக்கும் ரெலிபோனில் சொல்லியிருக்கிறார். கடை மேல்மாடியோடு நின்றுவிட்டது. இப்போது என் வேலை வளர்ந்தது. அவர் எடுத்துத் தந்த வேலை. சூரிய பகவான் தந்த வேலை. மறுத்துச் சொன்னால் இன்னும் நீளும்.

அடுத்த பொங்கலுக்கு அவர் எழும்ப முதல் எழும்பினேன். வாசல் முழுக்க மணல் போட்டேன், முதியோர் இல்லத்துக்குப் போடுகிறதைவிடத் தடிப்பாக. அவர் வாளியோடு வந்து பார்த்து, என்னை ஏசி, மணலுக்கு மேலேயே கோலம் போட்டார். நல்ல காற்று அன்றைக்கு. மணல் கிளம்பிப் பானைக்குள்ளும் போனது. துரைக்கும் ஒரு கோப்பை அனுப்பினார்.

எனக்குத் தந்தது பல்லில் நறநறத்தது. சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.