லிஃப்ட் நிற்காத மாடிகள்

ஐந்து வயதுவரை, ஒன்றுக்கு அடுத்த எண் ஐந்து என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு அடுத்தது ஒன்பது. அதற்கு மேல் எண்கள் கிடையாது.

இதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் நாங்கள் குடியிருந்த வீவக அடுக்குமாடி புளோக்கில் பன்னிரண்டு மாடிகள் இருந்தும், லிஃப்ட் எல்லாவற்றிலும் நிற்காது. அந்தக் காலத்துப் புளோக்குகள் பலவற்றில் அப்படித்தான். கீழ்த்தளம்தான் ஒன்று. அதை விட்டால் ஐந்தில் நிற்கும், பிறகு ஒன்பதில் நிற்கும், அவ்வளவுதான். மற்ற மாடிக்காரர்கள் அங்கிருந்து படியேறியோ இறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் வீடு ஒன்பதில். அம்மா என்னைத் தூக்கிப் பொத்தானை அமுக்கச் சொல்வார். விளக்கு எரிய எரிய நான், "ஒன், ஃபைவ், நைன்" என்று சொல்லிக்கொண்டு வருவேன். கூட வருகிறவர்கள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார்களே தவிர, யாரும் திருத்தியதில்லை.

பாலர் பள்ளியும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. சின்ன வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒருநாள், யாருக்கு எண்ணத் தெரியும் என்று டீச்சர் கேட்டார். நான் வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளை. ஆனால் அன்று எனக்கு விடை நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நானாகவே எழுந்து நின்று, "ஒன், ஃபைவ், நைன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றோடு வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டேன். டீச்சர் எழுப்பி நிறுத்தினால் தரையைப் பார்ப்பேன். உட்காரச் சொன்னால் உட்காருவேன்.

வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு எண்ணவே வரலம்மா. வருஷக் கடைசிக்குள்ள இருபதுவரைக்கும் சொல்லணும். இல்லாட்டி இன்னொரு வருஷம் சின்ன வகுப்புலயே இருக்கட்டும்."

அதாவது மூக்கு ஒழுகிக்கொண்டு அம்மாவைத் தேடி அழும் பிள்ளைகளோடு நான் இன்னும் ஒரு வருடம் உட்கார வேண்டும். எனக்கு இருந்த ஒரே தோழன், ஏழாம் மாடி மலாய்ப் பையன், பெரிய வகுப்புக்குப் போய்விடுவான். அன்று மாலையே அம்மா கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்தார். தினமும் ஒன்றிலிருந்து இருபதுவரை பத்து வரிசை. நான் கட்டத்தைத் தாண்டாமல் அழகாகத்தான் எழுதினேன். ஆனால் எழுத எழுத அவை கோடும் வளைவுமாகத்தான் இருந்தன. நோட்டை மூடி வைத்துவிட்டு அம்மா, "எங்கே, சொல்லு" என்றால் ஒன்றுக்குப் பிறகு வாய் ஐந்துக்குத்தான் போகும். அம்மாவுக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும்.

மாமா அப்போது எங்களோடு இருந்தார். அம்மாவின் தம்பி. சிராங்கூன் ரோட்டில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை. குளிர்சாதனப் பெட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்கித் தருவார். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும் என்பது அவருக்கு முதுகுத்தண்டுப் பிரச்சினை.

"நீ சொன்னது தப்பில்ல பாப்பா," என்றார் என்னிடம். "லிஃப்ட் நிக்கிற மாடிய மட்டும் சொல்லிட்டே. நிக்காத மாடிய யார் சொல்றது? வா, போய்ப் பார்த்துட்டு வருவோம்."

வேலை முடிந்து வந்த களைப்போடு என்னைப் படிக்கட்டு வழியாகக் கூட்டிப்போனார். ஒவ்வொரு மாடியிலும் சுவரில் பெரிய எண் எழுதியிருந்தது. எட்டாம் மாடியில் கூண்டுப் பறவை ஒன்று பாடியது. ஏழில் என் தோழனின் சிவப்புச் சைக்கிள் நின்றது. ஆறில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு என்ற எண் எனக்கு இன்றைக்கும் மீன் வாசனையோடுதான் வருகிறது.

"ஏழாம் மாடிக்கு ஒரு ஃபிரிட்ஜ் போகணும். மாமா எங்க இறங்கட்டும்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். ஐந்திலிருந்தும் இரண்டு மாடி, ஒன்பதிலிருந்தும் இரண்டு மாடி.

"ஒம்போதுல," என்றேன். "கீழ இறங்குறது ஈஸி."

"அப்படிச் சொல்லுலா! என் கடை முதலாளிக்கே இது தெரியாது."

அந்த வாரமே ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை மாமா கொண்டுவந்தார். அடியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கம் கதவு வைத்து, உள்ளே மூன்று பொத்தான் வரைந்தார். பள்ளிக்கு வெளியே சுவரில்லாமல் திறந்து கிடந்த கீழ்த்தளத்தின் தூண்களில் சாக்பீஸால் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எழுதினார். தூண்கள்தான் மாடிகள். பெட்டிக்குள் நின்று பிடித்துக்கொண்டு நாங்கள் நடந்தால் லிஃப்ட் நகரும். ஐந்தாம் தூணிலும் ஒன்பதாம் தூணிலும் மட்டுமே நிற்கும். இறங்கினவர்கள் மிச்சத் தூண்களை நடந்து கடக்க வேண்டும்.

லிஃப்ட்டுக்குப் பொறுப்பு நான். பெட்டிக்குள் இருந்தால் என்னை யாரும் பார்க்க முடியாது. அதனாலோ என்னவோ, குரல் தானாக வந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். என் தோழன், "துஜு! துஜு!" என்று தன் ஏழாம் மாடியை மலாயில் கத்துவான். நான் அவனை ஒன்பதில் இறக்கி, "இரண்டு கீழே" என்று அனுப்புவேன்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வரும்போது பார்த்துவிட்டு மாமாவைப் பிடித்தார்.

"நோட்டுல ஒரு வரி எழுதல, இங்க அட்டைப்பெட்டிக்குள்ள கூத்து! டீச்சர் கேட்டா பெட்டியத் தூக்கிட்டா போவா?"

"சும்மா இரு அக்கா. லிஃப்ட் ரிப்பேராயிடப் போவுது."

இப்போது நான் தெம்பனிஸில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே மணல் மூலை, கட்டைகள், விளையாட்டுக் கடை எல்லாம் உண்டு. போன மாதம் ஒரு தகப்பனார் வாசலில் நின்று, "நாள் முழுக்க விளையாட்டுதானா? எப்பதான் படிப்பாங்க?" என்று இளம் ஆசிரியையைக் கேட்டுக்கொண்டிருந்தார். காரட் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. கூச்சத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வருடத்தின் கடைசி வாரம். பள்ளி முடிந்து கதவைப் பூட்டிய டீச்சர் வீட்டுக்குப் போகாமல், எங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் தோழனுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றார். அவர் முறை வந்ததும் குனிந்து உள்ளே நுழைந்தார். பெட்டி ஒருமுறை முனகியது.

"ஏழாம் மாடிக்குப் போகணும்," என்றார்.

"ஒம்போதுல இறங்கி ரெண்டு மாடி கீழ நடங்க டீச்சர். அஞ்சுல இறங்கினா ஏறணும், கால் வலிக்கும்."

"ஓ! அப்ப பதினோராம் மாடின்னா?"

"அதுக்கும் ஒம்போதுதான். ஆனா ரெண்டு மேல."

"சரி, ரெண்டாம் மாடி?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

"ரெண்டாம் மாடிக்கு எதுக்கு டீச்சர் லிஃப்ட்டு? நடந்து போங்க!"

தூணுக்குப் பின்னால் மாமா இருமினார். கையில் காய்கறிப் பையோடு வந்து நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் இறங்கி, இரண்டாம் தூண்வரை நடந்து போய் அதைத் தொட்டுவிட்டு வந்தார்.

"அடுத்த வருஷம் பெரிய வகுப்புக்கு அனுப்பிடலாம்மா," என்றார் அம்மாவிடம்.

"இருபதுவரைக்கும் அவ சொல்லலையே டீச்சர்?"

"புளோக்குல பன்னெண்டு மாடிதானே இருக்கு?"

அம்மா காய்கறிப் பையோடு பெட்டிக்குள் ஏறி, "ஒம்போது" என்றார். எங்கள் வீட்டுக்கு அம்மாவை நானே கூட்டிப்போனேன். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

ஆனால் அது பெரிய வகுப்பு கிடைத்த பெருமை இல்லை. அப்படி ஒன்று கிடைத்ததே எனக்குத் தெரியாது. டீச்சர் மூன்று மாடிகளை மாற்றி மாற்றிக் கேட்டதும், பாவம், இவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுதான் என் பெருமை. கூடவே ஒரு கவலையும் இருந்தது. வகுப்பில் தெரிந்தால் அவரைப் பார்த்துச் சிரிப்பார்களே.

பள்ளியின் கடைசி நாளன்று எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன். டீச்சரைக் குனியச் சொல்லி, காதில் ரகசியமாகச் சொன்னேன்.

"பயப்படாதீங்க டீச்சர். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."