ஓய்வெடுத்த பேனல்கள்

காலை 7.40. கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் பதினைந்து ரூபாய் டிக்கெட். தொழிற்பேட்டைக்குப் போகும் கூட்டம் என்னையும் சேர்த்து வெளியே தள்ளியது. பாஸ்கர் பைக்குடன் நின்றிருந்தார். கரண்ட் கம்பி எட்டாத ஊர்களில் சோலார், காற்றாடி, பேட்டரி மூன்றையும் சேர்த்து ஓட்டும் மின்நிலையங்களைப் பழுது பார்ப்பவர். நான் வேடிக்கை பார்க்கப் போகிறவன்.

"எப்பவும் வேற வேலய முடிச்சிக்கினு மூணு மணிக்கு மேலதான் சார் அந்தத் தீவுக்குப் போவேன். இன்னிக்கு உங்களுக்காக சீக்கிரம்," என்றார்.

ஆரம்பாக்கம் வரை நெடுஞ்சாலை, படகுக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பிறகு ஏரியில் முக்கால் மணி நேரம் படகு. பக்கத்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் மலைபோல் கரண்ட் தயாராகிறது. நாங்கள் போகும் தீவுக்கு ஒரு கம்பிகூட வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

11.30. இருபது வீடுகள். மின்நிலையச் சாவி மேரி என்பவரிடம். அவர் கணவர் அந்தோணிக்குச் சர்க்கரை. இன்சுலினுக்காகவே வாங்கிய சின்ன ஃப்ரிட்ஜ் விடியுமுன் நின்றுவிடுகிறது. இரண்டு முறை மருந்து கெட்டு, அந்தோணி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறார்.

"இந்த வாட்டியும் சரியாவலைன்னா அத்திப்பட்டுல வாடகை ஊடு பாத்துக்கினு போவ வேண்டியதுதான். மீன் புடிக்கிற மனுசனுக்கு அங்க இன்னா வேல, சொல்லு தம்பி," என்றார் மேரி.

பேட்டரியைத் திட்டிக்கொண்டே வந்த பாஸ்கர் பேனல்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பன்னிரண்டின் மீதும் ஈரச் சாக்கு.

"இன்னாக்கா இது?"

"வெயில்ல காயுது இல்ல? பத்து மணிக்குப் போத்தி மூணு மணிக்கு எடுத்துடுவேன். டீசல் மோட்டாருக்குப் பண்றதுதான்."

அந்தத் தீவில் எந்த மோட்டாரும் மத்தியானம் ஆற வேண்டும். மேரி பேனலையும் மோட்டாராகவே எண்ணிவிட்டார். பாஸ்கர் வரும் நேரத்துக்குச் சாக்கு கொடியில் ஏறியிருக்கும். மாலைக் காற்றில் காற்றாடி தருவது விளக்குகளுக்கே சரியாகப் போனது. உச்சி வெயிலில் நிரம்ப வேண்டிய பேட்டரி பாதிகூட நிரம்பவில்லை. பாஸ்கர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

மேரி கேட்டபடியே சாக்குகளை ஒவ்வொன்றாக உருவினார். "அப்போ மருந்து கெட்டது என்னாலதானா?"

நான் ஏரியைப் பார்த்தேன். சங்கடமாக இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தோணி, "சாக்கு நனைக்கத் தண்ணி மொண்டு குடுத்தது நான்தானே," என்றார்.

மாலை 4.00. பேட்டரி மீட்டர் ஏறியிருந்தது. காற்றும் சேர்ந்தால் விடியும்வரை தாங்கும், மருந்தை உள்ளே வைக்கலாம் என்றார் பாஸ்கர். மேரி வைக்கவில்லை. மருந்து, குளுமைக்காக அவர் வைத்திருந்த ஈர மணல் பானையிலேயே இருந்தது.

"எனுக்குப் பயமா இருக்குது தம்பி. காலைல ஓடுதா பாத்துட்டு வெக்கிறேன்."

படகுக்காரர் கூப்பிட்டார். என் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று நான் எழுந்து பார்த்த நாளே இல்லை. செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தோணி மெல்ல எழுந்து பானையிலிருந்து புட்டியை எடுத்து, துடைத்து, ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"நீ இனிமே மூடமாட்ட இல்ல? அப்புறம் இன்னா," என்றார்.