இரட்டைக் குறிக்குள் மனைவி

அச்சு மை வாசனை போகாத பத்திரிகையோடு பக்கத்து வீட்டு அக்கா என் முன்னால் வந்து நின்றார். முப்பதுகளின் தொடக்கம் அது. கடல் கடந்து வந்த ஜார்ஜ்டவுனில் நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அக்காவின் கணவர் அந்த வாரம்தான் இறந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அக்கா, மரண அறிவிப்பில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“டீச்சரம்மா, மனைவின்னு போட்டிருக்கு. சரிதான். முன்னாலயும் பின்னாலயும் எறும்பு மாதிரி என்னமோ இருக்கே, அது என்னா?”

‘பிரிவால் வாடும் தம்பியும் “மனைவி”யும்’ என்றிருந்தது. பிறர் பேச்சை அப்படியே எடுத்தெழுதும்போது அந்தக் குறியை இடுவோம். எழுதுகிறவருக்கு அந்தச் சொல்லில் சம்மதமில்லாதபோதும் இடுவதுண்டு. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

“அப்போ தெருவே படிச்சிருக்கும்” என்றார்.

மாரியம்மன் கோயிலில் நாலு பேர் பார்க்கத் தாலி கட்டிக்கொண்டவர் அவர். தமிழ்நாட்டில் மூத்த மனைவி இருப்பதைக் கணவர் மறைத்ததில்லை.

இருவரும் அச்சுக்கூடத்துக்குப் போனோம். பத்திரிகை ஆசிரியர் மரியாதையாக எழுந்து நின்றார். “இறந்தவரோட தம்பி எழுதிக் கொடுத்தபடிதான் போட்டோம். அவரு சொன்னாத்தான் திருத்த முடியும்லா.”

அங்கிருந்து மளிகைக் கடை. அண்ணனின் நாற்காலியில் இருந்த கொழுந்தனார் கோபப்படவே இல்லை. “ஊர்ல அண்ணி இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்களை விட்டுட்டேனா? மனைவின்னுதானே போட்டிருக்கு?”

“என்னை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், தம்பி.”

அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தாலாவது நாங்களும் நாலு வார்த்தை பேசியிருப்போம்.

பதினாறாம் நாள் வந்தது. தாலி கழற்றும் சடங்கு ஊரிலேயே அண்ணிக்கு நடக்கும் என்று கொழுந்தனார் சொல்லி அனுப்பிவிட்டார். தெருப் பெண்களுக்கோ, அக்காவுக்கும் செய்வதா வேண்டாமா என்று குழப்பம். நான் பள்ளி விட்டு வந்தபோது அக்கா தலை முழுகி, வெள்ளைப் புடவை உடுத்தி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

“யாராச்சும் வந்து கழட்டணும்ல, டீச்சரம்மா. நானே கழட்டினா, அவரு எனக்கு ஒண்ணுமில்லைன்னு நானும் சொன்ன மாதிரி ஆயிடாதா?”

அதன்பின் எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தக் குறியை அடித்தும் சேர்த்தும் திருத்தியிருக்கிறேன். அன்று அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் நேரம்வரை இருவரும் வாசலையே பார்த்திருந்தோம். யாரும் வரவில்லை.