குண்டு பட்டபோது தண்ணீர் இருந்ததா

சிம்மக்கல்லில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு ஓட்டை விழுந்த பொருட்கள்தான் நல்ல சரக்கு. பட்டாளத்து இரும்புத் தொப்பி, பெல்ட், சாப்பாட்டு டின் என்று சேர்க்கிறவர்கள் மதுரையில் சிலர் இருக்கிறார்கள். முழுசாக இருக்கும் பொருள் அவர்களுக்குப் பிடிக்காது. குண்டு பட்டிருக்க வேண்டும். வைத்திருந்தவன் செத்திருந்தால் இன்னும் விசேஷம். இந்த ஆசை தெரிந்து லேத் பட்டறைக்காரர்கள் சிலர் பழைய டின்னில் ட்ரில் போட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கொல்லையில் புதைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். "பர்மா சண்டையில பட்டது பாய்" என்பார்கள், அழாத குறையாக. "பர்மா எங்க, ஒங்க பட்டறைக்குப் பின்னாலயா இருக்கு?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ட்ரில் போட்ட ஓட்டையின் விளிம்பு வழவழவென்று இருக்கும். ஆணி வைத்து அடித்தால் சுற்றிலும் பள்ளம் விழும். குண்டு என்றால் நுழைந்த பக்கம் தகடு உள்ளே மடங்கும், வெளியேறிய பக்கம் பிதுங்கிக் கிழியும். கம்பளி உறை இருந்தால் அதன் நூலும் குண்டோடு சேர்ந்து உள்ளே போயிருக்கும். போலி செய்கிறவன் ஊதுபத்தியால் உறையைச் சுட்டுவிட்டு வந்து நிற்பான்.

தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. காலி பாட்டிலில் குண்டு பட்டால் இரண்டு ஓட்டையோடு முடிந்தது. நிறையத் தண்ணீர் இருக்கும்போது பட்டால் பாட்டிலின் வயிறே உப்பிவிடும், அடியில் பற்றவைத்த விளிம்பு பிளந்துகொள்ளும். தண்ணீர் பாக்கெட்டை மிதித்தால் மிதித்த இடத்தில் மட்டுமா பீய்ச்சி அடிக்கிறது? இதை ட்ரில்லும் ஆணியும் செய்யாது. விளாங்குடியில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் கண்ணாடி அலமாரி நிறையப் பட்டாளச் சாமான் வைத்திருக்கிறார். இந்தச் சோதனையை நான்தான் அவருக்குச் சொன்னேன். அன்று அதைக் கேட்டு அவர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

போன கோடையில் அந்த மேனேஜர் அனுப்பியதாகச் சொல்லி, சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் அம்மாவோடு கடைக்கு வந்தார். அப்பா பட்டாளத்தில் இறந்தவர். அவருடைய தண்ணீர் பாட்டில் மஞ்சப்பையில் இருந்தது. மேனேஜர் அதை வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் நான் பார்த்து நிஜம் என்று சொல்ல வேண்டும். "மேனேஜர் வீட்ல வச்சே பாருங்க பாய். எல்லார் முன்னாடியும் ஆயிட்டா ஒரு பேச்சும் வராதுல்ல" என்று சொல்லிவிட்டு மகன் ஆட்டோ பிடிக்கப் போனார்.

அந்த அம்மா மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் தெருமுனை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவன் விக்கட்டும், விக்காமப் போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். குண்டு பட்டப்ப இதுல தண்ணி இருந்துச்சா, இல்லையா?"

ஏன் கேட்கிறார் என்று அவரே சொன்னார். கணவரோடு ஒரே படைப்பிரிவில் இருந்த பக்கத்து ஊர்க்காரர், சண்டை முடிந்து லீவில் வந்தபோது இந்த பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாராம். "அண்ணி, அண்ணே நெஞ்சுல அடிபட்டுக் கெடந்தாரு. இந்த பாட்டில் தண்ணி பூராவும் நாந்தான் வாயில ஊத்துனேன். குடிச்சுட்டுத்தான் கண்ண மூடுனாரு. பெறகுதான் பாட்டில்ல குண்டு பட்டுச்சு" என்றாராம். உடம்பு வரவில்லை. கைக்குழந்தையோடு இருந்த அந்த அம்மாவுக்கு இந்த வார்த்தை மட்டும்தான் வந்தது.

"சாகுறப்ப வாயில ஊத்த நாங்க யாரும் இல்ல. ஆனாலும் தண்ணி குடிச்சாரேன்னு அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவன வளத்தேன். நீங்க பாத்தாத் தெரிஞ்சுருமாம்ல, இவன் சொன்னான்."

ஆட்டோ வந்துவிட்டது. பாலம் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் போகும் வழியெல்லாம் அந்த பாட்டில் போலியாக இருந்துவிடக் கூடாதா என்று அல்லாவை வேண்டிக்கொண்டு வந்தேன். போலி என்றால் தண்ணீர்க் கேள்வியே எழாது. இத்தனை வருஷத் தொழிலில் நான் இப்படி வேண்டியதே இல்லை.

மேனேஜர் வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரிக்கு எதிரே, மகன் பாட்டிலை எடுத்து டீப்பாயில் வைத்தார். எனாமல் பாட்டில், காக்கிக் கம்பளி உறை. நான் உறையைக் கழற்றியபோதே தெரிந்துவிட்டது. பாட்டிலின் இரண்டு கன்னமும் உப்பி வெளியே தள்ளியிருந்தன. அடிவிளிம்பு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஓட்டைக்குள் கம்பளி நூல் துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்தது. இவ்வளவு சுத்தமான அடையாளம் என் கைக்கு வந்ததே இல்லை.

"நெசம்தான்" என்றேன்.

மகன் முகம் மலர்ந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காலியாத்தானே இருந்துச்சு, தம்பி?"

"காலிதாம்மா. சுத்தமாக் காலி."

கூசாமல் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் இரண்டு கையையும் மடியில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இத்தோடு முடிந்தது, எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மேனேஜர் அதற்குள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் தூக்கிவிட்டார். அந்த அம்மாவின் கதை அவருக்குத் தெரியாது. உப்பிய கன்னத்தைத் தடவினார், பிளந்த விளிம்பில் விரலை ஓட்டினார்.

"என்ன பாய், எனக்கே டெஸ்ட் வைக்கிறீங்களா? வயிறு உப்பியிருக்கு, அடி பிளந்திருக்கு. காலியா இருந்தா இப்படி ஆகுமா? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே! இது கழுத்து வரைக்கும் ஃபுல்லா இருந்திருக்கு. ஒரு வாய் கூடக் குறையல!"

பாஸ் பண்ணிய பையன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாயை நான் பொத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அந்த அம்மா எழுந்து வந்து பாட்டிலை வாங்கினார். மேனேஜர் தடவிய இடத்திலெல்லாம் தானும் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க."

நான் குனிந்து, டீப்பாயில் கிடந்த உறையின் சுருக்கத்தை நீவினேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"குடிக்கல" என்றார். "நெறஞ்ச தண்ணிய இடுப்புல வச்சுக்கிட்டு, குடிக்காமப் போயிருக்காரு."

மகன், "ஆத்தா, ஒக்காரு ஆத்தா" என்று தோளைப் பிடித்தார். பாட்டிலைக் கொண்டுவந்த அந்தப் பக்கத்து ஊர்க்காரரைக் கேட்கலாம் என்று மகன் நினைத்தாரோ என்னவோ, அந்த அம்மாவே தலையை ஆட்டினார். "அவனும் போய்ச் சேந்துட்டான். எனக்காகச் சொன்ன பொய்யி. நல்லா இருக்கட்டும்."

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்து, உள்ளே பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டம்ளர் வந்தது. அந்த அம்மா அதைத் தொடவில்லை.

"வருசா வருசம் அவருக்குப் படையல் போடுறேன் தம்பி. கறி வைப்பேன், சாராயம் வைப்பேன், பீடிக்கட்டுகூட வைப்பேன். தண்ணி ஏன் வைக்கலன்னு சொந்தக்காரவுக கேப்பாக. மத்தவுகளுக்குத்தான் அது வேணும், இவரு நல்லாக் குடிச்சுட்டுத்தான் போனாருன்னு பெருமையாச் சொல்வேன்."

கம்பளி உறையை எடுத்து, பாட்டிலுக்கு மாட்டப் பார்த்தார். உப்பிய வயிற்றில் அது சிக்கிக்கொண்டது. நான் பிடித்து இழுத்து மாட்டிக் கொடுத்தேன்.

"இம்புட்டு வருசம் ஒரு சொம்புத் தண்ணி வைக்கல" என்றார்.